நல்லவாட்டு ஒலிபெருக்கி

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பு இருக்கிறது. அங்கே மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம், கிழக்கே திரும்பினால் கடற்கரை ஊரான நல்லவாடு. அங்கே வயல், இங்கே வலை. இரண்டு ஊர்களும் அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தவை. அரசு தன் மக்களுக்குச் செய்தி சொல்வது எப்படி என்று யோசிக்கிறவர்கள், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லவாட்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

அன்று காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. ஆழ்கடலில் சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது நீரின் ஆழம். 4000 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் போகும். அந்த வேகத்தில் வந்தும் வங்கக் கடலைக் கடந்து நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. பூமி அதிர்ந்தது உலகத்தின் நிலநடுக்க மையங்களுக்குச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. சோழமண்டலக் கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த செய்தி தேவைப்பட்டவரிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான் அன்றைய துயரத்தின் பெரும் பகுதி.

நல்லவாட்டுக்கு வேறு வழியாகச் செய்தி வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் நிலநடுக்கச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் ஏறுகிறது என்று வீட்டார் சொன்னதும், உடனே ஓடச் சொன்னார், ஊருக்கும் சொல்லச் சொன்னார். ஊர்க்காரர்கள் கிராம அறிவு மையத்துக்கு ஓடினார்கள். பூட்டியிருந்த கதவை உடைத்து உள்ளே போய் மைக்கை எடுத்தார்கள். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது; ஊர்ச் சங்கும் ஊதியது. ஏறத்தாழ 3600 பேர் வசித்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன.

இந்தக் கதையைச் சொல்லும் பலரும் தொலைபேசி அழைப்போடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த அழைப்பு ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. ஒரு வீட்டின் செய்தியைச் சில நிமிடங்களில் ஊரின் செய்தியாக மாற்றியது அந்த ஒலிபெருக்கி. அது அங்கே ஏன் இருந்தது, யார் வைத்தார்கள் என்று கேட்டால்தான் மிச்சக் கதை கிடைக்கும்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் ‘தகவல் கிராமம்’ என்னும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. பணம் கொடுத்தது கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையம். வில்லியனூரில் தலைமை மையம். ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், நல்லவாடு போன்ற ஊர்களில் கிளைகளாகக் கிராம அறிவு மையங்கள். இடத்தை ஊர்தான் தர வேண்டும், மையத்தை நடத்துகிற தன்னார்வலர்கள் அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும், எந்தச் சாதியாரும் உள்ளே வர முடிய வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஏம்பலத்தில் மையத்தை நடத்தியவர்கள் பெண்கள்.

அன்றைக்குக் கிராமங்களில் தொலைபேசி இணைப்பு அரிது, இருந்த இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும். அதனால் காவல்துறை வயர்லெஸ்ஸில் பயன்படுகிற வகை வானொலிக் கருவிகளை வைத்து வில்லியனூரையும் கிராமங்களையும் இணைத்தார்கள். பேச்சும் கணினித் தகவலும் அதே அலையில் போயின. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும்; வழியில் மலையோ பூமியின் வளைவோ குறுக்கிட்டால் நின்றுவிடும். 20 மீட்டர் உயரக் கம்பத்திலிருந்து வானொலி அலையின் தொடுவானம் சுமார் 18 கிலோமீட்டர். வில்லியனூரையும் பாகூரையும் போன்ற சமவெளியில் அது தாராளம். மின்சாரம் போனாலும் கருவி ஓட வேண்டுமென்று சூரியத் தகடுகளைப் பொருத்தினார்கள்.

இவ்வளவு ஏற்பாட்டில் என்ன செய்தி போனது? தொடங்கும் முன்பே ஊர் ஊராகப் போய் மக்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நெல் விலை, உரக் கையிருப்பு, பஸ் நேரம், எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எப்போது இருப்பார், மாட்டுக்கு வந்த நோய்க்கு என்ன செய்வது என்பவைதான் தேவைகள். கூடவே அரசுத் திட்டங்களின் பட்டியலையும், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் பட்டியலையும் வாங்கித் தமிழில் வைத்தார்கள். அதுவரை அரசு அலுவலக அலமாரியில் இருந்த பெயர்ப் பட்டியலை ஊர்க்காரர் ஒருவர் தன் தெருவிலேயே பார்த்து, தன் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடிந்தது. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு பத்திரிகையும் வந்தது.

மீனவ ஊர்களின் கேள்வி ஒன்றுதான்: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பை வெளியிட்டுவந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் எழுதி, ஊர்களுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். போர்க்கப்பல்களுக்காகத் தயாரான கணிப்பு கட்டுமரத்தை இறக்கலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு உதவியது. 2001-இல் இத்திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

ஆக, அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காகக் கட்டியதல்ல. சுனாமி வரும் என்று அங்கே யாரும் நினைத்ததே இல்லை. அலை உயரம் சொல்லிச் சொல்லி அந்தக் குழாய்க்கு ஊரின் காது பழகியிருந்தது. அதில் வருகிற செய்தி பொய்யாகாது என்ற அனுபவமும் சேர்ந்திருந்தது. ஓடு என்று சொன்னதும் மக்கள் ஓடியதற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன். ஏன் எதற்கு என்று நின்று விசாரித்திருந்தால் விசாரிக்கவே நேரம் போயிருக்கும்.

ஒலிபெருக்கி எளிய கருவிதான், ஆனால் அதற்குள் நிறைய இயற்பியல் இருக்கிறது. நம் கோயில்களிலும் பந்தல்களிலும் தொங்கும் குழாயின் வாய் ஏன் விரிந்திருக்கிறது? உள்ளே அதிரும் தகடு சின்னது. வெளிக்காற்றை அது நேரடியாகத் தள்ளினால் ஆற்றலில் பெரும்பகுதி ஒலியாக மாறாமலே வீணாகும். கொஞ்சம் கொஞ்சமாக விரியும் குழாய், சிறிய தகட்டின் அழுத்தத்தைப் பெரிய காற்றுப் பரப்புக்குக் கைமாற்றுகிறது. குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் கேட்பதற்கு அதுவே காரணம். அப்படியும் திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலியின் செறிவு நாலில் ஒன்றாகிவிடும்.

அறிவிக்கிற வேளையும் முக்கியம். விடியற்காலையில் தொலைவூர்க் கோயில் பாட்டு பக்கத்துத் தெருவில் ஒலிப்பதுபோல் கேட்கும். அதே பாட்டு நடுப்பகலில் கேட்காது. இரவெல்லாம் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த காற்றில் ஒலி சற்று மெதுவாகவும் மேலே உள்ள வெப்பக் காற்றில் விரைவாகவும் போவதால், ஒலியலை வளைந்து தரைப்பக்கம் இறங்குகிறது. உச்சி வெயிலில் இது தலைகீழ்: ஒலி வானத்தைப் பார்த்து வளைந்து போய்விடும். பன்னிரண்டு மணி வெயிலில் செய்யும் அறிவிப்பு பாதி ஊருக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு சிக்கல், ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆவது. ஒரே பேச்சு தெருவின் இரு முனைக் குழாய்களிலிருந்தும் வந்தால் ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறிக் குழம்பும். குறுகிய வாக்கியமாகச் சொல்லி, நிறுத்தி, மறுபடியும் சொல்வதுதான் இதற்கு மருந்து.

இப்போது பெரும்பாலும் மைக் கட்டிய ஆட்டோதான் வருகிறது. சொத்து வரி, குடிநீர் நிறுத்தம், மருத்துவ முகாம், புயல் எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் அதுவே. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டோ மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு ஐந்தரை மீட்டர். வீட்டுக்கு முன்னும் பின்னும் ஐம்பது ஐம்பது மீட்டர் தூரத்துக்குப் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்குக் கிடைப்பது மொத்தம் 18 விநாடி. முப்பது நாற்பது சொல்லுக்குள் என்ன, எங்கே, எப்போது என்று மூன்றும் அடங்க வேண்டும். "மாண்புமிகு" தொடங்கி வரிசையாகப் பதவிப் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போய்விடும். கொம்யூன் அலுவலகங்கள் இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே பாதிக் குறை தீரும்.

ஆட்டோவுக்கு முன்னால் தண்டோரா. அதற்கும் முன்னால் முரசு: மணிமேகலையின் முதல் காதையே விழா அறிவிப்புதான். புகார் நகரில் யானைப் பிடரியில் முரசை ஏற்றி இந்திர விழாவை அறிவிக்கிறார்கள். காப்பியத்தில் யானை மேல் போன முரசு, கிராமத்தில் ஒரு குறிப்பிட்ட சமூகத்தாரின் தோளில் ஏறியது. ஊருக்கே செய்தி சொல்கிறவர் ஊருக்கு வெளியே வாழ வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அந்த முடிவு சரியானது, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். அறிவு மையத்துக்குள் எல்லாச் சாதியாரும் நுழைய வேண்டும் என்று 1998-இல் போட்ட நிபந்தனையையும் நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன்.

கைப்பேசி வந்தபின் இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2023-இல் நாட்டின் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் கைப்பேசிகள் அலறின. திரையில் அவசர எச்சரிக்கைச் சோதனை என்று வந்தது. அது குறுஞ்செய்தி அல்ல. குறுஞ்செய்திக்கு ஒவ்வொருவர் எண்ணும் வேண்டும், ஒவ்வொன்றாகப் போக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேசும்போது வலையமைப்பு திணறி, செய்தி தாமதமாகும். இந்த முறையில் கோபுரம் தன் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே ஒருமுறை ஒலிபரப்புகிறது. யார் எண்ணும் தேவையில்லை, நெரிசலும் தடுக்காது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. 2004-இல் நம்மிடம் இவை இரண்டுமே இல்லை.

ஆனாலும் கோபுரத்துக்கு ஊர் எல்லை தெரியாது. அபிஷேகப்பாக்கத்தை ஒட்டிய சிங்கிரிகுடி நரசிம்மர் கோயில் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. இங்கே ஒரு கோபுரத்தின் அலை இரண்டு அரசுகளின் மக்கள் மேலும் விழும். தண்ணீரும் அப்படித்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து, டிசம்பர் 2 அதிகாலை திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் வந்தது. பாகூர் கொம்யூனின் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. அணையைத் திறப்பது தமிழ்நாடு, நனைவது புதுச்சேரியும்தான். அணையிலிருந்து கிளம்பும் செய்தி பாகூர்த் தெருவுக்கு வருவதற்குள் எத்தனை அலுவலகங்களைத் தாண்ட வேண்டும்! ஆற்றுக்கு அந்தத் தடைகள் எதுவும் இல்லை.

கைப்பேசிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது அவசரத்தைச் சொல்லும், அன்றாடத்தைச் சொல்லாது. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை தொடங்கியது. பணம் வந்ததா, வராவிட்டால் யாரிடம் கேட்பது என்பதற்கு ஒலிபரப்புக் கோபுரம் பதில் சொல்லாது. பதில் சொல்ல ஊரில் ஓர் ஆள் வேண்டும். வார்டு உறுப்பினரும் பஞ்சாயத்துத் தலைவரும் செய்ய வேண்டிய வேலைகளில் பெரியது இதுதான்: மேலே இருப்பதைக் கீழே சொல்வது, கீழே இருப்பதை மேலே சொல்வது. புதுச்சேரியில் 1973-லேயே கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்துவிட்டது. நகராட்சிகளுக்கு 1968-இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு, 38 ஆண்டு கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோனது. நல்லவாட்டின் ஒலிபெருக்கியை ஊர் நம்பியது, அதைப் பிடித்திருந்த கை தெரிந்த கை என்பதால். தேர்ந்தெடுத்த உறுப்பினர் இல்லாத இடத்தில் நிர்வாகத்தை நடத்தும் ஆணையர்கள் எவ்வளவு உழைத்தாலும், தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்கத்தக்க உறுப்பினருக்கு ஈடாக மாட்டார்கள். புதுச்சேரி உள்ளாட்சித் தேர்தலை இனியும் தள்ளிப்போடுவது தவறு.

தேர்தல் வரும்வரை நாம் கேட்க முடிந்த ஒன்று இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், மனு எழுதிப் பதில் வாங்கும் பகுதியைத்தான் பலர் அறிவார்கள். அதன் 4-ஆம் பிரிவு அதைவிட வலியது. யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தங்கள் திட்டங்களையும், மானியம் பெறுவோர் விவரத்தையும், செலவையும் வெளியிட வேண்டும். உள்ளூர் மொழியில், அந்தப் பகுதியில் மக்களை நன்றாகச் சென்றடையும் வழியில் சொல்ல வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகை, பத்திரிகை, ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாம் அதில் அடங்கும். அபிஷேகப்பாக்கமோ ஏம்பலமோ கரையாம்புத்தூரோ, உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் இந்த மாதத்துத் தாள் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். இல்லையென்றால் 4-ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.