தியேட்டருக்குள் எழும் புகை

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஆட்டுத்தலையும் காலும் வாங்கிப் போய் அடுப்பில் பொசுக்கியவர்களுக்கு அந்த நெடி தெரியும். ஆபரேஷன் தியேட்டருக்குள் காட்டரி ஓடும்போது எழுவதும் கிட்டத்தட்ட அதே நெடிதான். வீட்டில் சன்னலைத் திறந்தால் போய்விடும். தியேட்டரில் சன்னல் கிடையாது. அறுவை முடியும்வரை நகரவும் முடியாது.

காட்டரி என்பது மின்சாரத்தால் திசுவை வெட்டி, ரத்தக் கசிவைச் சுட்டு அடைக்கும் கருவி. வில்லியம் போவி உருவாக்கிய இக்கருவியை 1926இல் பாஸ்டனில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் பயன்படுத்தினார். அதன் பிறகு அது உலகமெங்கும் பரவியது. காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் சுடும்போது செல்லிலுள்ள நீர் கொதித்து, செல் வெடித்துப் புகையாகிறது.

அந்தப் புகையில் 95 சதவீதம் நீராவி. மிச்சத்தில்தான் ஆபத்து: பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்சைடு. காட்டரிப் புகையின் துகள்கள் சராசரியாக 0.07 மைக்ரான் அளவே இருப்பதால் நுரையீரலின் அடி ஆழம்வரை போய்விடும். முகத்தில் மாஸ்க் இருக்கிறதே என்று நினைக்கலாம். சாதாரண அறுவை மாஸ்க், மருத்துவரின் எச்சில் துளி நோயாளியின் காயத்தில் விழாமல் தடுக்க வந்தது. ஓரங்களில் இடைவெளி இருக்கும். இவ்வளவு நுண்ணிய துகளை அது தடுக்காது. மாஸ்க் போட்டிருக்கிறோம் என்ற நிம்மதியே இங்கே பெரிய கேடு.

ஒரு கிராம் திசுவைக் காட்டரியால் சுட்டால் வரும் புகை, மரபணுவைச் சிதைக்கும் திறனில் வடிகட்டியில்லாத ஆறு சிகரெட்டுக்குச் சமம் என்று 1981இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று கண்டது. பாலுறுப்பு மருக்களை லேசரால் அகற்றிவந்த 44 வயது மருத்துவரின் குரல்வளையில், அந்த மருக்களை உண்டாக்கும் அதே வகை வைரஸால் கட்டிகள் வளர்ந்ததை 1991இல் நார்வே மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: தியேட்டர் செவிலியர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை என்று 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்காகக் கண்ணெரிச்சலையும் தலைவலியையும் இருமலையும் தொழிலோடு வந்தவை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

தீர்வு கைவசம் இருக்கிறது. காட்டரி முனையிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் குழாயை வைத்துப் புகையை உறிஞ்சி, இந்த நுண்துகள்களையும் பிடிக்கும் வடிகட்டிக்குள் அனுப்பும் கருவிகள் விற்பனையில் உள்ளன. தியேட்டரின் ஏசி காற்றை மாற்றினாலும், புகை முதலில் கடப்பது குனிந்து நிற்பவரின் முகத்தைத்தான். வைரஸ் பயமுள்ள அறுவைகளில் என்95 மாஸ்க்கும் வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018இல் இத்தகைய கருவியைச் சட்டமாகவே கட்டாயமாக்கியது.

1823லேயே பிரெஞ்சு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்ட ஊர் புதுச்சேரி. அந்தப் பள்ளிதான் இன்றைய ஜிப்மரின் வேர். காட்டரி மெஷினுக்கு டெண்டர் கோரும்போதே புகை உறிஞ்சும் கருவியையும் சேர்த்துக் கோர வேண்டும் என்ற விதியை இங்கிருந்தே தொடங்கலாம். நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்கும் சிஸ்டர்களும் டெக்னீசியன்களும் தங்கள் கருவியைத் தாங்களே தேர்ந்தெடுப்பதில்லை. வாங்கும் அதிகாரம் உள்ளவர்கள்தான் அவர்களுக்காக யோசிக்க வேண்டும்.