துளை எங்கே நிற்க வேண்டும்?

வீட்டில் சொந்தமாக ஒரு சாமி அலமாரி செய்யலாம் என்று பலகை வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த டிரில் மெஷின் நல்லது என்பதுதான். மெஷின் எதுவானாலும் இருக்கட்டும், துளை எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன்.

அலமாரிக்கு நாம் வாங்கும் பலகை பெரும்பாலும் 18 மி.மீ. தடிமன்தான். கை கொஞ்சம் அழுத்திவிட்டால் அலகு மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும். மெருகேற்றிய முகப்பில் விழுந்த ஓட்டையைப் புட்டி வைத்து அடைக்கலாம், மறைக்க முடியாது. பலகைக் காசு போனதுதான்.

இதைத் தடுக்கவே ஸ்டாப் காலர் எனும் வளையம் இருக்கிறது. அலகில் மாட்டி, பக்கத்தில் உள்ள குட்டித் திருகை ஆலன் சாவியால் இறுக்க வேண்டும். வளையம் பலகையைத் தொட்டதும் அலகு மேற்கொண்டு இறங்காது. 8 மி.மீ. அலகுக்கு 8 மி.மீ. வளையம் என்று பார்த்து வாங்குங்கள்.

ஓர் உதாரணம். டோவல் எனப்படும் மரமுளை 40 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பலகையின் முகத்தில் 12, மற்றதன் விளிம்பில் 30, ஆக 42 மி.மீ. துளைக்கலாம். மிச்சமுள்ள 2 மி.மீ. பசைக்கு இடம். முகத்தில் 6 மி.மீ. மரம் பத்திரமாக இருக்கும். கூர்முனை நீண்ட அலகாக இருந்தால், ஆழத்தை வெட்டும் விளிம்பிலிருந்து அளந்துகொண்டு, முனைக்கும் இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

திருகை அலகின் பள்ளத்தில் உட்காரும்படி இறுக்குவது என் வழக்கம். மேட்டில் இறுக்கினால் நழுவும். வளையம் தொட்ட பிறகு அழுத்தக் கூடாது. சுழலும் உலோகம் பலகையில் வட்டத் தழும்பு போடும். மரத்தூள் அடியில் சேர்ந்தால் துளை ஆழம் குறையும், அவ்வப்போது ஊதிவிடுங்கள்.

சிலர் அலகில் டேப் சுற்றிக்கொள்வார்கள். அது வெறும் அடையாளம், அலகை நிறுத்தாது. செங்கல் சுவரில் ஹேமர் டிரில் போடும்போது வளையமும் அதிர்வில் தளர்ந்துவிடும். அதற்கு மெஷினின் கைப்பிடியில் பொருத்தும் ஆழக்கம்பிதான் சரி.

நல்ல பலகையில் கை வைக்குமுன் ஒரு துண்டுப் பலகையில் துளைத்து, ஆழத்தை அளந்து பாருங்கள். நாலைந்து துளைக்கு ஒருமுறை திருகையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.