அறுந்த பெல்ட் கூறும் சாட்சியம்

மும்பையின் மழைக்காலம் எத்தகையது என்பதைச் செம்பூர், மாதுங்கா, தாராவிப் பகுதிகளில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய பெருமழை வேண்டாம். சில மணி நேரம் விடாது பெய்தாலே மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் நீர் தேங்கி நிற்பது நாம் பல்லாண்டுகளாகக் கண்ட காட்சிதான். அந்நீரில் வண்டி செல்லும்போது முன்புறத்தில் ‘படார்’ என்றோர் ஓசை எழுகிறது. பாட்டரியின் சிவப்பு விளக்கு எரிகிறது, ஸ்டியரிங் கனக்கிறது, சற்று நேரத்தில் எஞ்சின் கொதிக்கிறது. பெல்ட் அறுந்துவிட்டது.

செம்பூரிலுள்ள நண்பர் ஒருவருக்கு ஒரே மழைக்காலத்தில் இது மூன்று முறை நேர்ந்தது. மும்முறையும் புதிய பெல்ட் போட்டார். நான்காவது ஒன்றையும் முன்கூட்டியே வாங்கிப் பின்பெட்டியில் வைத்துக்கொண்டார். ‘எல்லாம் போலிச் சரக்கு’ என்பது அவரது தீர்ப்பு. போலிச் சரக்கு கடைகளில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு பெல்ட் அறுந்தால் பெல்ட்டைக் குறை கூறலாம். மூன்றும் அறுந்தால் அது ஓடிய பாதையை அல்லவா ஆராய வேண்டும்?

பழைய டாக்ஸிகளில் இவ்வாராய்ச்சி எளிதாக இருந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் நிறுவனத்தின் குர்லா தொழிற்சாலையில் உருவான பத்மினி வண்டிகள், 2023 அக்டோபரில் கடைசி டாக்ஸி ஓய்வு பெறும் வரை இந்நகரில் ஓடின. அவ்வகை வண்டிகளில் இருந்தது ஆப்பு வடிவான விசிறி பெல்ட். அது கப்பியின் பள்ளத்தில் அடித்தளத்தைத் தொடாமல், இரு பக்கச் சுவர்களையே பற்றி ஓட வேண்டும். பள்ளத்தின் அடி பளபளப்பாக இருந்தால், பெல்ட் தேய்ந்து கீழே இறங்கி வழுக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ வேண்டும். ஓட்டுநர்கள் இதைக் கைப்பழக்கமாகவே அறிந்திருந்தனர்.

இன்றைய வண்டிகளில் பலவற்றில் வரி வரியான நீண்ட பெல்ட் ஒன்றே பல உறுப்புகளைச் சுழற்றுகிறது. நண்பரின் வண்டியில் ஆல்டர்னேட்டர், தண்ணீர்ப் பம்ப், ஸ்டியரிங் பம்ப், குளிர்சாதனக் கம்ப்ரெஸர் ஆகிய நான்கும் அதன் பொறுப்பு. சுருள்வில்லுள்ள டென்ஷனர் அதை இறுக்கமாக வைத்திருக்கிறது. பெல்ட்டின் ரப்பரும் மாறிவிட்டது. முன்னாளில் முதுமை வெடிப்பாகத் தெரியும். இன்றைய ரப்பரோ டயர் போல ஓசையின்றித் தேய்கிறது. வெடிப்பில்லை என்பதால் பெல்ட் நன்றாயிருக்கிறது என்று எண்ணுவது தவறு.

நண்பரைத் தாராவியின் தொண்ணூறடிச் சாலையருகே சிறு பட்டறை வைத்திருக்கும் முதிய திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. “பழைய பெல்ட் எங்கே தம்பி?” என்றார். முதலிரண்டும் குப்பைக்குப் போயிருந்தன. மூன்றாவது, நல்லவேளையாக, பின்பெட்டியில் கிடந்தது.

அதை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தார். வரிகள் கருகிப் பளபளத்திருந்தால் பெல்ட் வழுக்கியிருக்க வேண்டும். டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு கப்பியின் பேரிங் இறுகியிருக்கலாம். ஊறிப் பருத்திருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. உட்கயிறு ஓரிடத்தில் மட்டும் முறிந்திருந்தால், மாட்டியவர் திருப்புளியால் நெம்பி ஏற்றியிருக்கக் கூடும். இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரே ஓரம் மட்டும் நார் நாராகப் பிரிந்திருந்தது. “கப்பிகள் ஒரே நேரில் இல்லை” என்றார்.

எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பின்னரே கையை உள்ளே விட்டார். இது பலர் மறக்கும் காரியம். பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றினார். சேற்று நீர் பேரிங்கின் கிரீஸைக் கெடுத்திருந்தால் கரகரப்புத் தெரியும். யாவும் சீராகவே சுழன்றன. பின்னர் கப்பிகளின் முகத்தையொட்டி நூலொன்றை இழுத்துப் பிடித்தார். கிராங்க் ஷாஃப்டின் கப்பி மட்டும் ஒரு நெல்மணியளவு உள்வாங்கியிருந்தது. பெல்ட்டை மாட்டி எஞ்சினை ஓட்டியபோது அதன் வெளிவளையம் தள்ளாடியது.

அக்கப்பி ஒரே துண்டன்று. நடுக்கட்டைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே, அதிர்வைத் தாங்குவதற்காக ரப்பர் வளையம் ஒன்று உண்டு. பின்னாலிருந்த எண்ணெய் ஸீல் நெடுநாளாகக் கசிந்து அந்த ரப்பரை இளக்கிவிட்டது. வெளிவளையம் மெல்ல மெல்ல எஞ்சின் பக்கம் நகர்ந்தது. பெல்ட் ஒவ்வொன்றும் கோணலாக ஓடி ஓரம் கிழிந்தது. மழைநீரும் மணலும் கதையை விரைவுபடுத்தின, அவ்வளவே.

பெரியவர் இன்னொன்றும் காட்டினார். கிழிந்த நார் இரண்டு, கப்பியின் பின்புறம் சுற்றிக்கொண்டு, டைமிங் பெல்ட்டின் மூடியருகே நின்றன. அவை உள்ளே இழுக்கப்பட்டு டைமிங் பெல்ட் நழுவியிருந்தால், வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகியிருக்கக் கூடும். நண்பர் சற்று நேரம் பேசவில்லை.

எண்ணெய் ஸீலும் கிராங்க் கப்பியும் மாற்றப்பட்டன. பின்பெட்டியில் இருந்த நான்காவது பெல்ட்டைப் பெரியவரே மாட்டினார். ‘போலிச் சரக்கு’ என்று கருதப்பட்ட அதே கடைப் பெல்ட்தான். அடுத்த மழைக்காலத்தையும் அது கிங்ஸ் சர்க்கிள் வழியே ஓடிக் கடந்தது.