உங்களுக்குத் தெரியுமா? இறங்க மறுக்கும் சக்கரத்துக்கும் வழி உண்டு

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பலர் விமானம் ஏறுவது திருச்சியில். 2024 அக்டோபர் 11 மாலை அங்கிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகளோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானிலேயே வட்டமடித்தது. காரணம் எடை: எரிபொருள் குறைந்த பிறகு இறங்குவதே பாதுகாப்பு. அந்த விமானமான போயிங் 737-ல் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். இரவு சுமார் 8.15-க்குச் சக்கரங்கள் ஒழுங்காக இறங்க, விமானம் பத்திரமாகத் தரை தொட்டது.

சக்கரங்களை இறக்கும் ஹைட்ராலிக் அடியோடு கைவிட்டால்? துணை விமானியின் இருக்கைக்குப் பின்னால், தரையில் ஒரு சிறு மூடி. அதற்குள் மூன்று கைப்பிடிகள். இழுத்தால் பூட்டு விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே வந்து நிற்கும்.

சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களில் கதை வேறு. பைப்பர் செனகாவில் ஒரு குமிழை இழுத்தால் போதும். பீச்கிராஃப்ட் பேரனிலோ சக்கரத்தை இறக்கும் மோட்டார் படுத்துவிட்டால் கையால்தான் சுற்ற வேண்டும், ஏறக்குறைய 50 சுற்று! கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிதல்ல. ஆனால் மறுகையில் விமானமும் இருக்கிறதே. எப்படி இறக்கினாலும், விமானி முன்னால் உள்ள மூன்று பச்சை விளக்கும் எரிந்தால், மூன்று சக்கரமும் இறங்கிப் பூட்டிக்கொண்டன என்று அர்த்தம்.