ஐம்பத்திரண்டு வாரக் கணக்கு



டென்னிஸ் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க் குழுவில் இருந்த நண்பன் சிரித்தான். "நம்ம காலேஜில் கோர்ட்டே கிடையாதேடா" என்றான். உண்மைதான். டென்னிஸ் மட்டையை நானும் கையில் பிடித்ததில்லை. விடுதிப் படிப்பறையில் பேப்பரின் கடைசிப் பக்கத்தை வாசித்து வாசித்தே எனக்கு இந்த ஆசை வந்தது. ஆனால் இங்கே நான் சொல்லப் போவது பந்து அடிக்கும் கலையைப் பற்றி அல்ல. ஒரு கணக்கைப் பற்றி. கணக்கு என்றால் நமக்குப் புரியாதா என்ன?

சுமித் நாகல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹரியானாவில் ஒரு கிராமத்துப் பையன். அப்பா ராணுவத்தில் இருந்துவிட்டுப் பிறகு பள்ளி ஆசிரியர் ஆனவர். பத்து வயதில் மகேஷ் பூபதியின் பயிற்சித் திட்டத்தில் தேர்வானார் நாகல். 2019 அமெரிக்க ஓப்பனில் தகுதிச் சுற்றுகளைக் கடந்து வந்து, முதல் ஆட்டத்திலேயே ரோஜர் ஃபெடரரிடம் ஒரு செட்டைப் பறித்தார். இத்தனை திறமை உள்ளவர், 2023-ல் தன் வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோதான் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். நம்ம பணத்தில் எண்பதாயிரம் ரூபாய் சொச்சம். திறமை இருந்தும் ஏன் இந்த நிலை? அதற்குப் பதில் ராங்கிங் கணக்கில் இருக்கிறது.

ராங்க் என்றால் என்ன?

நம்ம செமஸ்டர் மார்க் ஒரு தடவை வாங்கினால் வாங்கியதுதான். மார்க் ஷீட்டில் ஏறிய 85-ஐ யாரும் அடுத்த வருஷம் வந்து திருப்பிக் கேட்க மாட்டார்கள். டென்னிஸில் கேட்பார்கள்!

ஒரு போட்டியில் ஒருவர் வாங்கும் புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரம்தான். அடுத்த வருஷம் அதே வாரம் வரும்போது அந்தப் புள்ளிகள் கழிந்துவிடும். அதே போட்டியில் மறுபடி ஜெயித்தால் பழைய இடம் நிற்கும், தோற்றால் சறுக்கல். மேல்நிலைத் தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குழாயில் தண்ணீர் ஏறுகிறது, கீழே ஒரு குழாயில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மோட்டாரை நிறுத்தினால் மட்டம் இறங்கும்.

காயம் பட்டால் என்ன ஆகும்? மோட்டார் நின்றுபோகும், கீழ்க் குழாயை யாரும் மூட மாட்டார்கள். 2021 நவம்பரில் நாகலுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை நடந்தது. ஆடாமல் இருந்த மாதங்களில் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழிந்து, 500-க்கும் கீழே போய்விட்டார்.

எங்கள் வீட்டில் ராங்க் என்றால் ஸ்கூல் ராங்க்தான் தெரியும். "உலகத்தில் ஐந்நூறாவது ஆளா? அப்போ பெரிய ஆள்தானே!" என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் டென்னிஸில் ஐந்நூறாவது ஆளுக்கு விமான டிக்கெட் காசு கூடத் தேறாது.

மூன்று மாடிக் கட்டடம்

ஆண்கள் டென்னிஸ் ஒரு மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் ஐ.டி.எஃப். போட்டிகள். அங்கே கோப்பையையே ஜெயித்தாலும் 15 அல்லது 25 புள்ளிதான். முதல் மாடியில் சேலஞ்சர் போட்டிகள். ஜெயித்தவருக்கு 50, 75, 100, 125, 175 என்று தரத்துக்கு ஏற்பப் புள்ளி. மேல்மாடியில் ஏ.டி.பி. போட்டிகள்: 250, 500, 1000. அதற்கும் மேலே மொட்டை மாடியில் நான்கு கிராண்ட் ஸ்லாம்கள்: ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன். அங்கே கோப்பைக்கு 2000 புள்ளி.

எந்த மாடியில் நுழையலாம் என்பதை ராங்க்தான் முடிவு செய்யும். ஸ்லாம் மெயின் டிராவில் 128 இடம். அதில் 104 இடம் நேரடியாக ராங்க் பார்த்துக் கொடுக்கப்படும். 16 இடம் தகுதிச் சுற்றில் ஜெயிப்பவர்களுக்கு; மீதி 8 இடம் வைல்டு கார்டு. அந்த ராங்கையும் போட்டிக்குச் சுமார் ஆறு வாரம் முன்னாலேயே பார்த்துவிடுவார்கள். ஆறு வாரம் கழித்து நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும், அன்றைய தேதியில் எங்கே நின்றீர்கள் என்பதே கணக்கு.

இப்போது காசைப் பாருங்கள். 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர். 104-வது ஆள் நேரே உள்ளே போய்த் தோற்றாலும் அந்தப் பணம் அவருக்கு. வெளியே நிற்பவர் மூன்று தகுதி ஆட்டங்கள் ஜெயித்தால்தான் உண்டு. நம்ம சென்னை வீரர் ராம்குமார் ராமநாதன் 2018-ல் 111-வது இடம் வரை வந்தார். அந்த வருஷம் ஸ்லாம் ஒற்றையர் மெயின் டிரா அவருக்குக் கிட்டவில்லை. இன்னொரு சென்னை வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019-ல் 75-வது இடத்தைத் தொட்டார். அந்த ஒரே வருஷத்தில் நான்கு ஸ்லாம்களின் மெயின் டிராவிலும் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றில் தோல்வி. ஆனாலும் நான்கு சம்பளம்! 111-க்கும் 104-க்கும் நடுவே ஏழு படிதான். அந்த ஏழு படியில்தான் ஒரு வீரரின் வாழ்க்கையே நிற்கிறது.

நாகல் 2023-ல் 24 போட்டிகள் ஆடிச் சம்பாதித்தது சுமார் 65 லட்சம். அதில் பெரிய தொகை எது தெரியுமா? அமெரிக்க ஓப்பன் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றதற்குக் கிடைத்த 18 லட்சம்! அந்த வருஷம் ரோமிலும், பின்லாந்தின் தம்பெரேவிலும் சேலஞ்சர் கோப்பைகளை ஜெயித்தவர் அவர். சேலஞ்சரில் கோப்பை ஜெயிப்பதைவிட ஸ்லாம் வாசலில் தோற்பதற்குக் காசு அதிகம். பயிற்சியாளர், விமானம், தங்குமிடம் என்று வருஷச் செலவோ எண்பது லட்சத்திலிருந்து ஒரு கோடி. அந்த 900 யூரோவின் கதை இதுதான்.

2024: சரியான வாரம், சரியான ஊர்

2024 ஜனவரி. 137-வது இடத்தில் இருந்த நாகல் ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்று தகுதி ஆட்டங்களை ஜெயித்து உள்ளே போனார். முதல் சுற்றில் 31-வது தரவரிசைக்காரரான கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்கை நேர் செட்களில் வீழ்த்தினார். 1989-ல் ரமேஷ் கிருஷ்ணன் மாட்ஸ் விலாண்டரை வீழ்த்திய பிறகு, ஸ்லாம் ஒற்றையரில் தரவரிசைக்காரர் ஒருவரை இந்தியர் ஜெயித்தது அப்போதுதான். தகுதிச் சுற்றுக்கு 30, இரண்டாம் சுற்றை எட்டியதற்கு 50, ஆக 80 புள்ளி. பணம் 98 லட்சம் ரூபாய் அளவில்.

அடுத்து எங்கே போவது? பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்றில் மோதலாம். இல்லை, ஒரு மாடி கீழே இறங்கிச் சேலஞ்சரில் கோப்பைக்கே குறி வைக்கலாம். அவர் வந்தது நம்ம சென்னைக்கு. பிப்ரவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் நடந்த சேலஞ்சரில் இத்தாலியின் லூக்கா நார்டியை இறுதி ஆட்டத்தில் 6-1, 6-4 என்று வீழ்த்தி 100 புள்ளி வாங்கினார். 121-லிருந்து 98-க்கு ஒரே தாவல்! நூற்றுக்குள் நுழைந்தாயிற்று, அடுத்த ஸ்லாம்களுக்கு நேர்வழி திறந்தாயிற்று.

என்னைப் பொறுத்தவரை அவருடைய புத்திசாலித்தனம் தெரிந்த இடம் ஜூன் மாதம். பிரெஞ்சு ஓப்பன் முதல் சுற்றில் தோற்றுவிட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஒற்றையருக்கு ஜூன் 10-ம் தேதி ராங்கைப் பார்த்து 56 பேரை எடுப்பார்கள், ஒரு நாட்டுக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. அவர் கையில் ஒரே ஒரு வாரம். பெரிய வீரர்கள் பாரிஸில் ஆடிக்கொண்டிருந்த அதே வாரத்தில், ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரின் சேலஞ்சருக்குப் போனார். அது களிமண் தரை. அவருக்குப் பிடித்த தரை. ஜூன் 9 ஞாயிறு கோப்பை கையில். மறுநாள் திங்கள் 95-லிருந்து 77. ஒலிம்பிக் இடம் கிடைத்தது! பாரிஸில் முதல் சுற்றிலேயே தோற்றார் என்பது வேறு விஷயம்; அந்த வாசலைத் திறந்தது ஒரு வாரத் திட்டம். ஜூலை 15-ல் 68-வது இடம். அதுதான் அவருடைய உச்சம்.

கழியும் காலம்

தொட்டியின் கீழ்க் குழாயை மறந்துவிடாதீர்கள். 2025 ஜனவரி வந்தது. முந்தைய ஆண்டின் 80 புள்ளிகள் கழியும் வேளை. முதல் சுற்றில் செக் வீரர் தோமாஷ் மகாச்சிடம் தோல்வி. வந்தது 10, போனது 80, நிகர நஷ்டம் 70. 96-வது இடத்தில் இருந்தவர் நூற்றுக்கு வெளியே போய்விட்டார். அடுத்த மாதமே சென்னையின் 100 புள்ளிகளுக்கும் கெடு.

இந்திய வீரர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. 1997 முதல் 2017 வரை சென்னையில் ஏ.டி.பி. 250 போட்டி நடந்தது. பிறகு அது புனேக்குப் போய், 2023-க்குப் பின் நின்றுபோனது. மிச்சம் இருப்பது பிப்ரவரியை ஒட்டி வரிசையாக நடக்கும் சேலஞ்சர்கள். சொந்த மண்ணில், குறைந்த செலவில் வாங்கும் புள்ளிகள் எல்லாம் ஒரே மாதத்தில் சேர்கின்றன. அதனால் அடுத்த வருஷம் ஒரே மாதத்தில் மொத்தமாகக் கழிகின்றன. மற்ற பத்து மாதம் ஐரோப்பாவில் சொந்தச் செலவில் திரிய வேண்டும். ஆகவே இனி ஒரு இந்திய வீரர் முன்னேறுகிறார் என்று பேப்பரில் படித்தால், அவர் ராங்கை மட்டும் பார்க்காதீர்கள். புள்ளிகள் எந்த மாதங்களில் கிடைத்தவை, எப்போது கழியும் என்று பாருங்கள். ஆண்டு முழுவதும் பரவலாகச் சேர்த்திருந்தால் நிலைப்பார். ஒரே மாதத்தில் குவித்திருந்தால் அடுத்த ஆண்டு அந்த மாதம் கண்டம்தான்.

நமக்கு என்ன?

நான் எங்கள் வீட்டில் முதல் படிப்பாளி. அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். "நல்லாப் படிடா, எல்லாம் தானா வரும்" என்பார். அவர் மனசு பெரியது. ஆனால் எல்லாம் தானாக வராது என்பதை இந்த டென்னிஸ் கணக்கு எனக்குச் சொல்லித் தந்தது. லேட்டரல் என்ட்ரி விண்ணப்பத்துக்கு ஒரு கடைசித் தேதி, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு ஒரு அலைச்சல், அப்ரண்டிஸ் பதிவுக்கு ஒரு கெடு. படித்த அண்ணன் அக்கா இருக்கும் வீட்டில் இந்தத் தேதிகள் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழும். நம்மில் பலர் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. மார்க் இருந்தும் தேதி தெரியாததால் வெளியே நிற்பவன், 111-வது இடத்தில் நிற்கும் வீரனைப் போலத்தான்.

எனவே யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையை ஒதுக்கி, இந்தத் தேதிகளை மாதவாரியாக எழுதி வையுங்கள். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். எழுதுகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். சாக்பீஸ் மட்டும் யூனியன் தரட்டும்!

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு