மருந்துச்சீட்டைச் சரிபார்க்கும் கடமை

மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெறுபவருக்கு மருந்து கொடுக்கும்போது செவிலியரின் கண்காணிப்பு உண்டு. புறநோயாளியோ மருந்தை வாங்கிய கையோடு வீடு திரும்பிவிடுவதால், மருந்துச்சீட்டில் உள்ள பிழையைத் தடுத்து நிறுத்தக்கூடிய கடைசி இடம் மருத்துவமனை மருந்தகமே ஆகும்.

சீட்டின் குறைகள் இருவகைப்படும். வயது, குழந்தையின் எடை, மருந்தின் அளவு, உட்கொள்ள வேண்டிய நாள்கள் ஆகியவை விடுபடுவதும் எழுத்து புரியாமல் போவதும் முதல் வகை. இதில் ஒரு பகுதியைக் களையும் வகையில் இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் தன் நெறிமுறையைத் திருத்தி, நிறுவனங்கள் சூட்டும் வணிகப் பெயருக்குப் பதிலாக மூலமருந்தைக் குறிக்கும் பொதுப்பெயரை, தெளிவாகவும் இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் எழுதுமாறு பணித்தது. மருந்துத் தேர்வே பொருந்தாமல் போவது இரண்டாம் வகை. மூட்டுவலிக்கு ஒரு பிரிவிலும் காய்ச்சலுக்கு வேறொரு பிரிவிலும் காட்டும் முதியவருக்கு, டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என ஒரே வகையைச் சேர்ந்த இரு வலிநிவாரணிகள் எழுதப்படுமானால், பயன் கூடுவதில்லை. இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் நேரும் வாய்ப்பே கூடுகிறது. வைரஸால் வரும் சளிக்கு எழுதப்படும் ஆன்டிபயாட்டிக், நோயைக் குணப்படுத்தாததோடு, அம்மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் பெருகவும் இடமளிக்கிறது.

மருந்து எழுதப்படும் போக்கை அளக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1993இல் வகுத்தளித்தது. ஒரு சீட்டில் சராசரியாக எத்தனை மருந்துகள், அவற்றுள் பொதுப்பெயரில் எழுதப்பட்டவை எத்தனை விழுக்காடு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை எத்தனை விழுக்காடு, ஆன்டிபயாட்டிக்கும் ஊசியும் எத்தனை விழுக்காடு சீட்டுகளில் உள்ளன என்னும் ஐந்து குறியீடுகளே அம்முறையின் அடிப்படை.

அளப்பதை அன்றாடக் கடமையாக மாற்றிய நாடு சீனா. அங்கு 2010இல் வந்த விதியின்படி, மருத்துவமனைகள் மொத்தச் சீட்டுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுக்குக் குறையாமலும், மாதத்துக்கு 100க்குக் குறையாமலும் புறநோயாளிச் சீட்டுகளை ஆராய்ந்து மதிப்பிட வேண்டும். 2018இல் வந்த விதி, எல்லாச் சீட்டுகளும் மருந்தாளுநரின் சரிபார்ப்புக்குப் பின்னரே மருந்து வழங்கும் கட்டத்தை அடையலாம் என வரையறுத்து, அப்பணியின் முதல் பொறுப்பாளராக மருந்தாளுநரையே ஆக்கியது.

தமிழ்நாட்டில் 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அத்தியாவசிய மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளின் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவதால், நல்ல மருந்து கிடைப்பதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. அம்மருந்து உரியவருக்கு உரிய அளவில் எழுதப்படுகிறதா என்பதை உறுதிசெய்வதே அடுத்த படி. அதற்குரிய மருந்தியல் பயிற்சியை அளிக்கும் ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பும் இந்தியாவில் 2008 முதல் நடைமுறையில் உள்ளது. இப்பட்டதாரிகளைப் புறநோயாளி மருந்தகங்களில் நியமித்து, ஐயமுள்ள சீட்டைப் பற்றி மருத்துவரிடம் கேட்கும் அதிகாரத்தை அவர்களுக்கு எழுத்துவடிவில் வழங்கி, மாதந்தோறும் கண்டறியப்படும் குறைகளைத் தண்டிக்கும் நோக்கமின்றி அந்தந்தத் துறைக்கே தெரிவிக்க வேண்டும். வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்காகச் சரிபார்ப்பைக் கைவிடலாகாது; நெரிசல் மிகும் இடத்திலேயே பிழையும் மிகும் என்பதால், அங்கேதான் அது முதலில் தொடங்கப்பட வேண்டும்.