எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேகரிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிபுணர்கள் ஆராய்ந்து, 10-க்கு 8 என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிட்டுத் தந்த அட்டையை, உறையை உடைத்து வெளியே எடுப்பார்கள். அட்டையைத் துடைக்கக்கூட மாட்டார்கள். முதன்முறை அனுப்புவதுபோல அதே நிறுவனத்துக்கு அதை மறுபடி அனுப்பிவைப்பார்கள். பல சமயம் பழைய 8 அப்படியே திரும்பி வரும். சில சமயம் 7 ஆகக் குறையும். சில சமயம் 9 ஆகிவிடும். அப்படி 9 வந்துவிட்டால் விலை சிறிதளவு அல்ல, பல மடங்கு ஏறும்.

காகிதம் அதே காகிதம், மை அதே மை. நிறுவனமும் மாறவில்லை. பிறகு எது மாறியது? இந்தக் கேள்வி அட்டைகளோடு நிற்பதில்லை. மனிதக் கண்ணால் எதையாவது அளந்து எண்ணாக மாற்றும் எல்லா இடங்களையும் இது தொடுகிறது. அட்டைச் சந்தையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பகிரங்கமாக ஒரு விலை இருப்பதால், பிழையின் அளவு அங்கே பணமாகவே தெரிகிறது. அறிவியல் ஆர்வமுள்ளவர்கள் இந்தச் சந்தையைக் கவனிக்க அதுவே போதுமான காரணம்.

முதலில் எண்களின் கதை. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். காசு உலகில் வேரூன்றிய இந்த எண்வழித் தரமதிப்பீடு, பிற்பாடு 1 முதல் 10 வரை என்று சுருங்கி அட்டைகளுக்கு வந்தது. 1986-ல் காசுகளுக்கான பிசிஜிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் ஹால், 1991-ல் அட்டைகளுக்காக பிஎஸ்ஏ நிறுவனத்தைத் தொடங்கினார். 1990-களின் முடிவுக்குள் எஸ்ஜிசி, பெக்கெட் ஆகியவையும் களத்துக்கு வந்துவிட்டன. விற்பவரும் வாங்குபவரும் “இது நல்ல நிலையா, மிக நல்ல நிலையா” என்று வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், இருவருக்கும் பொதுவான மூன்றாம் நபர் ஒருவர் எண் சொன்னது பெரிய நிம்மதியாக இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். போலி அட்டைகளை வடிகட்டியதில் இந்த நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மதிப்பிடுபவர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்: படம் அட்டையின் நடுவில் இருக்கிறதா, மூலைகள் கூர்மையாக உள்ளனவா, ஓரங்கள் சுத்தமாக உள்ளனவா, மேற்பரப்பில் கீறலோ மடிப்போ கறையோ உண்டா. இவற்றில் முதலாவதை மட்டும் அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம். இடப்பக்க வெள்ளை விளிம்பும் வலப்பக்க விளிம்பும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் இருக்கின்றன என்று சொல்வதில் கருத்து வேறுபாட்டுக்கு அதிக இடமில்லை. மற்ற மூன்றும் பார்வையைச் சார்ந்தவை.

பழைய அட்டைகளில் இது இன்னும் கடினம். கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் தன் ஹாக்கி அட்டைத் தாள்களைக் கம்பியால் வெட்டியது. அதனால் 1979-ல் வந்த வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை போன்றவற்றின் ஓரங்கள் பிறந்தபோதே பிசிறடித்திருக்கும். அந்தப் பிசிறு குறையா, பிறவி அடையாளமா? டாப்ஸ் நிறுவனம் 1971-ல் கருப்பு விளிம்போடு வெளியிட்ட அட்டைகளில் மணல் துகளளவு மை உதிர்ந்தாலும் உள்ளிருக்கும் வெள்ளைக் காகிதம் பளிச்சென்று தெரியும். வெள்ளை விளிம்புள்ள அட்டையில் அதே உதிர்வை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். மேற்பரப்பின் மெல்லிய சுருக்கமோ நேர் வெளிச்சத்தில் மறைந்துகொள்ளும். அட்டையைச் சாய்த்து, ஒளி பக்கவாட்டில் விழும்படி பிடித்தால்தான் அது தெரியும். எந்தக் கோணத்தில் எத்தனை நொடி சாய்த்துப் பார்த்தார் என்பதே மதிப்பெண்ணை மாற்றிவிடக்கூடும்.

ஆனால் கண்ணின் பலவீனம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அளவுகோலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு மூலை மழுங்குவது படிப்படியாக, இடைவெளியே இல்லாமல் நடக்கும் தேய்மானம். அதை 8, 9 என்று துண்டுபோடும்போது எங்கோ ஒரு கோடு கிழித்தாக வேண்டும். பத்தாம் வகுப்பில் 34-க்கும் 35-க்கும் இடையிலுள்ள கோட்டைப் போன்றதுதான் இதுவும். இரண்டு மாணவர்களின் அறிவில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் ஒருவர் தேர்ச்சி பெறுகிறார், மற்றவர் பெறுவதில்லை. கோட்டிலிருந்து தூரத்தில் இருக்கும் அட்டைக்கு மதிப்பிடுபவரின் சிறு தடுமாற்றத்தால் ஒன்றும் நேராது. கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கும் அட்டைக்கோ, காலையில் பார்த்தால் ஒரு எண், மாலையில் பார்த்தால் வேறு எண்.

பயிற்சி பெற்றவர்களுக்கு இப்படி நேராது என்று தோன்றலாம். கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார். அனுபவமிக்க நடுவர்களுக்கு, ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயின் வேறு ஒயின்களுக்கிடையே மூன்று முறை தரப்பட்டது. அவர்களுக்கு அது தெரியாது. மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் தந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர் மட்டுமே. அந்த நடுவர்கள் நேர்மையற்றவர்களும் அல்லர், திறமையற்றவர்களும் அல்லர். தீர்ப்பு சொல்லும் மனித மனத்தின் இயல்பான அலைவு அது.

இந்த அலைவு இருபுறமும் சமமாக இருந்தால், சராசரியில் பாதகமில்லை என்று விட்டுவிடலாம். ஒரு அட்டைக்கு ஒன்று கூடினால் இன்னொன்றுக்கு ஒன்று குறையும். உறையை உடைக்கும் வழக்கம் இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு அட்டையின் உண்மையான நிலை 8. ஆனால் கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஒருமுறை அனுப்பினால் 9 கிடைக்க 20 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை அனுப்பினால் ஒருமுறையாவது 9 கிடைக்கும் வாய்ப்பு 49 சதவீதம். ஐந்து முறை அனுப்பினால் 67 சதவீதம். 9 வந்ததும் உரிமையாளர் நிறுத்திவிடுவார். 7 வந்தால் உறையை உடைத்து மறுபடி அனுப்புவார். கீழ்நோக்கிய பிழைகள் திருத்தப்படுகின்றன. மேல்நோக்கிய பிழைகள் பிளாஸ்டிக்கில் நிரந்தரமாகின்றன. மதிப்பிட்டவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனாலும் சந்தையில் தேங்கும் 9-களில், அதிர்ஷ்டத்தால் அங்கே ஏறிய 8-கள் கணிசமாகச் சேர்ந்துவிடுகின்றன.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. எந்த அட்டைக்கு எந்த மதிப்பெண்ணில் எத்தனை பிரதிகள் என்று நிறுவனங்கள் கணக்கு வெளியிடுகின்றன. உடைத்த உறைக்குள் இருந்த மதிப்பெண் சீட்டைத் திருப்பி அனுப்பாவிட்டால், ஒரே அட்டை அந்தக் கணக்கில் இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணப்படும். அரிதானது எது என்று அறிய உருவான பட்டியலிலேயே இல்லாத அட்டைகள் இருக்கின்றன.

விலை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதற்கு 1952-ல் டாப்ஸ் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டையே போதும். 2021 ஜனவரியில் பிஎஸ்ஏ 9 பெற்ற ஒரு பிரதி 52 லட்சம் டாலருக்கு விற்றது. 2022 ஆகஸ்ட்டில் எஸ்ஜிசி 9.5 பெற்ற வேறொரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. இடையில் ஒன்றரை ஆண்டு ஓடியிருக்கிறது, நிறுவனங்களும் வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இருந்தாலும், மதிப்பெண் மிகவும் தடுமாறக்கூடிய உச்சிப் பகுதியில்தான் பணம் மிக அதிகமாகக் குவிகிறது என்பது தெளிவு.

தடுமாற்றத்திலிருந்து வேறுபட்ட இன்னொரு பிழையும் இருக்கிறது. பிஎஸ்ஏ முதன்முதலில் மதிப்பிட்ட அட்டை, 1909-க்கும் 1911-க்கும் இடையே சிகரெட் பெட்டிகளோடு வந்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை. 1991-ல் ஹாக்கி வீரர் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் 4,51,000 டாலருக்கு வாங்கிய அதற்கு 8 கிடைத்தது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஓரம் வெட்டப்பட்ட அட்டைக்கு எண் தரக்கூடாது என்பது பிஎஸ்ஏயின் சொந்த விதி. 2013-ல் ஏல வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, இந்த அட்டையின் ஓரத்தைத் தான் வெட்டியதாகவும் ஒப்புக்கொண்டார். இது கோட்டருகே நேர்ந்த தடுமாற்றம் அல்ல. எத்தனை முறை அனுப்பினாலும் தானாகச் சரியாகாத வகைப் பிழை.

இப்போது கணினிப் பார்வை வந்திருக்கிறது. பிஎஸ்ஏயின் தாய் நிறுவனம் 2021-ல் ஜெனாமின்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. முன்பு பார்த்த அட்டையே மறுபடி வந்திருக்கிறதா என்று காகிதத்தின் நுண்ணிய அடையாளங்களை வைத்து இயந்திரத்தால் கண்டுபிடிக்க முடியும். விளிம்பு விகிதத்தை அது சோர்வின்றி ஒரே மாதிரி அளக்கும். ஆனால் மனிதர்கள் போட்ட மதிப்பெண்களைப் பார்த்துக் கற்ற இயந்திரம், அவர்களுடைய சாய்வுகளையும் சேர்த்தே கற்கும். எப்போதும் ஒரே விடை சொல்வதனால் அந்த விடை சரியென்று ஆகிவிடாது.

செய்ய வேண்டியது எளிது, செலவும் அதிகமில்லை. மதிப்பீட்டு நிறுவனம் ஒவ்வொன்றும் சில நூறு பழைய அட்டைகளைத் தன் மதிப்பீட்டாளர்களுக்கே அடையாளம் தெரியாமல் இரண்டாம் முறை அனுப்பட்டும். எத்தனைக்கு அதே எண் வந்தது, எத்தனை மாறியது என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும். இரத்தப் பரிசோதனைக் கூடங்கள் தங்கள் கருவிகளின் துல்லியத்தைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். லட்சக்கணக்கான டாலரை ஓர் எண்ணில் தொங்கவிடும் நிறுவனங்களிடமும் அந்த அளவுக்காவது கேட்க வேண்டும். அந்த விவரம் வரும்வரை, பழைய அட்டை வாங்க நினைப்பவர்கள் உறையின் சீட்டைப் படிக்கும் முன் அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள்.